ஹோம்பேஜைக் கடைசியில் வரையுங்கள்: வெப்சைட்டைத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

வெப்சைட் செய்யலாம் என்று உட்காருகிற எல்லோரும் முதலில் பேசுவது ஹோம்பேஜைப் பற்றித்தான். மேலே என்ன படம், அது தானாக நகர வேண்டுமா, லோகோ எவ்வளவு பெரிசு, பச்சையா காவியா. இரண்டு வாரம் இதிலேயே ஓடிவிடும். சைட் வெளியே வந்த பிறகும் கடைக்கு அதே போன், அதே கேள்வி: "என்ன விலைங்க? பார்சல் அனுப்புவீங்களா?" பதில் சைட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பார்க்கிற கண்ணுக்குச் செய்தோமே தவிர, தேடி வருகிற ஆளுக்குச் செய்யவில்லை.

யு.எக்ஸ். என்று நாம் சுருக்கமாகச் சொல்கிற பயனர் அனுபவ வடிவமைப்பில் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. 2000-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதை ஒரே பக்கப் படமாக வரைந்தார். அதிலிருந்து வந்த ஐந்து தளங்களை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: எல்லாவற்றுக்கும் அடியில் உத்தி, அதன் மேல் எல்லை, அப்புறம் கட்டமைப்பு, எலும்புக்கூடு, கடைசியாகக் கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பு. கீழே எடுத்த முடிவுதான் மேலே என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கும். நாம் பெரும்பாலும் மேலிருந்து ஆரம்பித்து, பாதியில் கீழே இடிப்பதைப் பார்த்துத் திணறுகிறோம்.

வெறும் கோட்பாடாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். திருவாரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், கணவன் மனைவி இருவரும் ஓர் உதவியாளும் நடத்துகிற பாரம்பரிய அரிசிக் கடை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், தூயமல்லி, சீரகச் சம்பா என்று முப்பது ரகம் வரை அரிசியாக விற்கிறார்கள், சில ரகங்களை விதைநெல்லாகவும் கொடுக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு சைட் வேண்டும்.

முதலில் வாட்ஸ்அப்பைத் திறங்கள்

"சைட் எதற்கு?" என்று கடைக்காரரைக் கேட்டால் "இப்ப எல்லாரும் வச்சிருக்காங்க" என்பார். அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய கடை வாட்ஸ்அப்பில் கடைசி மூன்று மாதம் வந்த மெசேஜ்களை, அவர் அனுமதியோடு, ஒன்று விடாமல் படியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள், பெயரையும் நம்பரையும் விட்டுவிட்டு, கேட்டவரின் அதே வார்த்தையில், திருத்தாமல். இப்படி இருக்கும்:

"அப்பாவுக்கு சுகர் இருக்கு, எந்த அரிசி வாங்கலாம்"
"கவுனி எவ்ளோ நேரம் ஊறணும்"
"சீரகச் சம்பா பழைய அரிசியா புதுசா"
"ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு எவ்வளவு விதை"
"கோயம்புத்தூருக்கு 10 கிலோ அனுப்ப எவ்ளோ ஆகும்"
"பூங்கார் விதை இருக்கா இல்ல அரிசி மட்டும்தானா"

நூறு சீட்டு சேர்ந்ததும் தரையில் பரப்பிப் பாருங்கள். நான் இந்த வேலையில் மிகவும் விரும்புகிற கட்டம் இதுதான், ஏனென்றால் அதுவரை "வாடிக்கையாளர்" என்ற ஒரே வார்த்தைக்குள் மறைந்திருந்தவர்கள் இங்கேதான் தனித்தனியாகப் பிரிந்து நிற்பார்கள். இந்தக் கடைக்கு வருபவர்கள் இரண்டு வகை: சாப்பிடுகிறவர்கள், விதைக்கிறவர்கள். இரண்டு பேரும் "பூங்கார்" என்றே கேட்கிறார்கள், ஆனால் கேட்கிற பொருள் வேறு. சமைப்பவருக்கு ஊற வைக்கும் நேரமும் கிலோ விலையும் வேண்டும். விவசாயிக்குப் பட்டம், அதாவது விதைக்கிற பருவம், வேண்டும், முளைப்புத்திறன் வேண்டும், "வயது" வேண்டும். வயலில் ஐந்து மாதத்துக்கும் மேல் நிற்கிற மாப்பிள்ளைச் சம்பாவை எப்போது விதைத்தால் எப்போது அறுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த "வயது" என்ற சொல்லைச் சமைப்பவரின் பக்கத்தில் போட்டால், அரிசி எத்தனை மாதம் பழசு என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

அடுத்து ஐந்தாறு பேரிடம் நேராகப் பேசுங்கள், சாப்பிடுகிறவர் மூன்று, விதைக்கிறவர் மூன்று. "இப்படி ஒரு சைட் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், நம் ஆட்கள் மனசு நோகக்கூடாது என்று "கண்டிப்பா வாங்குவோம்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்ப இந்த அரிசி வாங்கினீங்க? அன்னைக்கு முதல்ல என்ன பண்ணீங்க? எங்க குழம்பினீங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்த கதைக்குள் தேவை தானாக வெளியே வரும். கற்பனைப் பெயர், புகைப்படம், பொழுதுபோக்கு எல்லாம் போட்டு பயனர் அட்டை தயாரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, உண்மையில் சொன்ன நான்கு வாக்கியம் சுவரில் ஒட்டியிருந்தால் அதுவே போதும்.

இப்போது ஒரே பக்கத்தில் உத்தியை எழுதுங்கள். கடைக்கு என்ன வேண்டும், வருபவருக்கு என்ன வேண்டும், இரண்டும் எங்கே சந்திக்கின்றன, சைட் வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்வோம். இந்தக் கடைக்கு நான் இப்படி எழுதுவேன்: ஒரே மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே மதியம் முழுவதும் போகிறது, அந்த நேரம் திரும்பக் கிடைக்க வேண்டும். புதிதாக வருபவர் தனக்கு ஏற்ற அரிசியைக் குழப்பம் இல்லாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். விவசாயி விதை இருக்கிறதா என்று போன் பண்ணாமலே தெரிந்துகொள்ள வேண்டும். அளவுகோல்: விலையும் பார்சல் கட்டணமும் கேட்டு வாரத்துக்கு எத்தனை மெசேஜ் வருகிறது என்று இன்றைக்கே எண்ணி வைத்துவிட்டு, சைட் வந்த மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி எண்ணுவது. "பிராண்ட் விழிப்புணர்வு" என்று எழுதினால் அதை யாராலும் எண்ண முடியாது.

எல்லை: எது வேண்டாம் என்று எழுதுங்கள்

உத்திக்கு அடுத்தது, எதையெல்லாம் சேர்ப்பது என்ற கணக்கு. ஒரு ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு பக்கம் என்று எழுதி, பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: எந்தச் சீட்டுக்கு இது பதில், யார் எழுதுவார், யார் புதுப்பிப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை. ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். "செய்திகள்" என்ற பகுதி இப்படித்தான் பெரும்பாலும் அடிபட்டுப் போகும், போகட்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்தோடு நிற்கிற ஒரு பக்கத்தைப் பார்க்கிற ஆளுக்கு, கடை இன்னும் நடக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

"இருப்பு இருக்கிறதா" என்பது மட்டும் தினமும் மாறும். அதைக் கடைக்காரம்மா தன் போனிலிருந்தே இரண்டு தட்டில் மாற்ற முடியாவிட்டால், ஒரு மாதத்தில் சைட் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆகவே இந்த ஒரு வசதிக்குச் செலவு செய்யுங்கள், தானாக நகரும் படத்தை விடுங்கள்.

இங்கே ஒரு கஷ்டமான முடிவும் வரும். நூறு சீட்டில் இருபது சுகரைப் பற்றி இருக்கலாம். "சுகருக்கு ஏற்ற அரிசி" என்று ஒரு பகுதி போட்டால் கூட்டம் வரும், விற்கவும் செய்யும். நான் போட மாட்டேன். தவிட்டோடு இருக்கிற அரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்று சொல்லலாம், ஆனால் அரிசி அரிசிதான், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்தத் தேவை நிஜமானது என்பதால் அதை ஒதுக்கவும் கூடாது. ஆகவே "சுகர் உள்ளவர்கள் கேட்பது" என்று ஒரு நேர்மையான பக்கம் எழுதி, மேலே சொன்னதை எளிமையாகச் சொல்லி, எல்லா அரிசிப் பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு இணைப்பு கொடுப்பேன். வருபவர் கேட்டதற்குப் பதில் கிடைக்கும், பொய் நம்பிக்கையோடு திரும்ப மாட்டார். பயனருக்காக யோசிப்பது என்பதில் இதுவும் சேர்த்தி.

கட்டமைப்பு: சீட்டுகளை மற்றவர்கள் கையில் கொடுங்கள்

இதுதான் முழு வேலையின் நடு எலும்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கடைக்காரர் தன் அரிசியைச் சிவப்பு, கருப்பு, வெள்ளை என்று அடுக்கியிருப்பார், அல்லது எந்த விவசாயியிடமிருந்து வந்தது என்று அடுக்கியிருப்பார். அது அவருடைய கிடங்கின் ஒழுங்கு. வாங்க வருபவரின் தலைக்குள் இருக்கிற ஒழுங்கு வேறு.

அதைக் கண்டுபிடிக்க அட்டை அடுக்குதல் என்று ஒரு முறை இருக்கிறது. முப்பதிலிருந்து நாற்பது அட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் சைட்டில் வரப்போகிற ஒரு விஷயத்தை எழுதுங்கள்: தூயமல்லி அரிசி, கவுனிக் கஞ்சி செய்முறை, பார்சல் கட்டணம், பூங்கார் விதைநெல், பணம் திரும்பப் பெறுவது. ஓர் ஆளை உட்கார வைத்து, "உங்களுக்கு எது எதோடு சேரும்னு தோணுதோ அப்படி அடுக்குங்க, ஒவ்வொரு கட்டுக்கும் நீங்களே ஒரு பேர் வைங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சரி தவறு எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சை மாதிரி பயப்படுவார்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் இதற்குப் பதினைந்து பேர் வேண்டும் என்றார். சின்னக் கடைக்கு எட்டுப் பேர் கிடைத்தாலே நிறைய தெரிந்துவிடும்.

சமைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்: சாதத்துக்கு, இட்லி தோசைக்கு, கஞ்சிக்கு, பிரியாணிக்கு. சீரகச் சம்பாவை எல்லோரும் யோசிக்காமல் பிரியாணியில் வைப்பார்கள். கவுனி கஞ்சியிலும் கிடக்கும், இனிப்பிலும் கிடக்கும். அப்படி இரண்டு இடத்தில் அலைகிற அட்டையைக் கவனமாகக் குறித்து வையுங்கள், அதற்குச் சைட்டில் இரண்டு வழி வேண்டும். விவசாயிகள் அதே பெயர்களைக் குறுவை, சம்பா, தாளடி என்று பருவவாரியாக அடுக்குவார்கள். ஆக மேலே முதல் பிரிவே "சமைக்க அரிசி", "விதைக்க நெல்" என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, நாம் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாமலே.

இதே பாடத்தை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பிரிட்டன் அரசின் கவ்.யூகே சைட்டைப் பாருங்கள். 2012 அக்டோபரில், அதற்கு முன் தனித்தனியாக இருந்த டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய அரசு சைட்டுகளை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்தார்கள். வண்டிக்கு வரி கட்ட வேண்டும் என்று வருகிறவருக்கு அது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று தெரிய வேண்டியதே இல்லை, செய்ய வந்த வேலையின் பெயரிலேயே பக்கம் இருக்கும். அவர்களுடைய வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது பயனரின் தேவையிலிருந்து தொடங்குவது. 2013-ல் லண்டன் டிசைன் மியூசியம் அதற்கு அந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. அலங்காரம் என்று சொல்ல அதில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது.

அடுக்கு எத்தனை ஆழம் போகலாம் என்று கேட்பீர்கள். மூன்று கிளிக்குக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஒரு விதி ஊரெல்லாம் சுற்றுகிறது, அதை நம்பி எல்லாவற்றையும் ஒரே மெனுவில் திணிக்காதீர்கள். ஆட்கள் கிளிக்கை எண்ணுவதில்லை. சரியான திசையில் போகிறோம் என்ற உணர்வு இருக்கும் வரை போய்க்கொண்டே இருப்பார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990-களில் இதை விலங்குகள் இரை தேடுவதோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, தகவலின் வாசனை என்று பெயர் வைத்தார்கள். மோப்பம் கிடைக்கிற வரை நாய் ஓடும், விட்டுப்போனால் திரும்பிவிடும். மெனுவில் இருக்கிற சொல்தான் அந்த வாசனை. "எங்கள் பயணம்", "தீர்வுகள்", "தயாரிப்புகள்" இவற்றில் வாசனையே கிடையாது. "அரிசி விலை", "விதைநெல் இருப்பு", "பார்சல் கட்டணம்" என்று எழுதுங்கள். அட்டைக் கட்டுகளுக்கு மக்கள் வைத்த பெயர்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், மெனுவுக்கு வேண்டிய சொற்கள் பாதி அங்கேயே இருக்கும்.

தமிழில் சைட் செய்பவர்களுக்கு என்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. நம் சொற்கள் நீளம், ஆங்கிலத்தில் ஏழு சொல் பிடிக்கிற மெனுவில் தமிழில் நான்குதான் பிடிக்கும், அதனால் மேல்மட்டத்தை ஐந்துக்கு மேல் விடாதீர்கள். தேடல் பெட்டி வைத்தால், கவுனி என்றும் கவுணி என்றும் கௌனி என்றும் தட்டுவார்கள், பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் வரும்படி முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவையுங்கள். அப்புறம் பக்கத்தின் முகவரி. அதைத் தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இணைய முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு), காப்பி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிந்துவிடும், ஆக ஒரு குறிக்கே ஒன்பது எழுத்து. வாட்ஸ்அப்பில் பாதித் திரையை அடைக்கிற அந்த முகவரியைப் பார்த்து யாரும் நம்பித் தொட மாட்டார்கள். முகவரியை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்து, தலைப்பைத் தமிழில் வையுங்கள்.

மெனு மரம் ஒரு வடிவத்துக்கு வந்ததும், டிசைன் எதுவும் இல்லாமல் அதை மட்டும் தாளில் எழுதி நான்கைந்து பேரிடம் காட்டுங்கள். "இட்லிக்கு 5 கிலோ அரிசி வேணும், எதைத் தொடுவீங்க?" அவர் விரல் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறினால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். தாளில் மாற்ற ஒரு நிமிஷம், சைட் கட்டிய பிறகு மாற்ற ஒரு வாரம்.

எலும்புக்கூடு: நடுவிலிருந்து வரையுங்கள்

இப்போதுதான் பக்கம் வரைகிறோம், அதுவும் பென்சிலில். எந்தப் பக்கத்தை முதலில்? பூங்கார் அரிசியின் பக்கத்தை. ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஹோம்பேஜ் வழியாக வரப்போவதில்லை, அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் இணைப்பிலிருந்தும் கூகுள் தேடலிலிருந்தும் நேராக நடுவில் வந்து விழுவார்கள். வந்து விழுந்தவருக்கு இது எந்தக் கடை, நான் எங்கே இருக்கிறேன், இங்கிருந்து எங்கே போகலாம் என்ற மூன்றும் அந்த ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும்.

போன் அளவுக்குத் தாளை வெட்டிக்கொண்டு வரையுங்கள், கணினித் திரையை அப்புறம் பார்க்கலாம். வரிசையைச் சீட்டுகளே சொல்லும்: படம், பெயர், கிலோ விலை, இருப்பு, எதற்கு ஏற்றது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தண்ணீர் அளவு, பழைய அரிசியா புதியதா, உங்கள் ஊருக்கு அனுப்ப எவ்வளவு. "விதைநெல் தேடுகிறீர்களா? இங்கே" என்ற ஒரு வரி கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். ரகத்தின் வரலாறு கீழே. கடைக்காரருக்கு அந்த வரலாறுதான் உயிர், அது எனக்குப் புரிகிறது. படிக்கிறவர்களும் உண்டு, ஆனால் விலையைப் பார்த்த பிறகு. வரையும்போது பொய் எழுத்து போட்டு இடத்தை நிரப்பாதீர்கள், நிஜ வாக்கியங்களையே எழுதுங்கள். "மாப்பிள்ளைச் சம்பா கைக்குத்தல் அரிசி" என்ற பெயர் பொத்தானுக்குள் அடங்குமா என்பது நிஜப் பெயரை எழுதினால்தான் தெரியும்.

பொருள் பக்கம், பட்டியல் பக்கம், பணம் கட்டும் பக்கம் இவை முடிந்த பிறகு ஹோம்பேஜை வரையுங்கள். அதற்குள் அதில் என்ன வர வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அரை மணி நேர வேலை.

பிறகு சில பேரைக் கொண்டு இந்தப் பக்கங்களைச் சோதியுங்கள். ஐந்து பேர் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார், ஆனால் அந்தக் கணக்கு ஒரே வகையான ஆட்களுக்கு. நமக்கு இரண்டு வகை, ஆகவே சமைப்பவர் நாலு பேர், விவசாயி நாலு பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையைக் கொடுத்து, "மனசுல நினைக்கறதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்று கேளுங்கள். அவர் தடுமாறும்போது உதவி செய்யக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். சைட் வெளியே போனதும் அவர் பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவர் "எனக்குத்தான் தெரியல" என்று வெட்கப்பட்டால், "இல்லம்மா, நாங்கதான் சரியா வைக்கல" என்று உடனே சொல்லுங்கள், அதுதான் உண்மையும்.

மேற்பரப்பு

கலரும் எழுத்துருவும் இங்கே வருகின்றன. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் நிலை (AA) அளவு. வெளிர்ச்சாம்பல் எழுத்தை வெயிலில் நின்று படிக்கிற விவசாயியை நினைத்தால் அதற்குக் காரணம் புரியும். தமிழுக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடத் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேலே புள்ளியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளும். மெல்லிய எழுத்துரு பார்க்க அழகாக இருந்தாலும் சின்ன அளவில் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும்.

வெளியிட்ட பிறகு

முதல் மாதம் தேடல் பெட்டியில் என்ன தட்டினார்கள், எதற்குப் பதில் வரவில்லை என்ற பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "அவல்" என்று பலர் தேடியிருப்பார்கள், சைட்டில் அவலே இருக்காது. கடைக்காரம்மாவைக் கேட்டால், "அது கடையில மட்டும் கொடுக்கறோம், சீக்கிரம் தீர்ந்துடும்" என்பார். அப்படியானால் "அவல் எங்கள் கடையில் நேரில் மட்டும் கிடைக்கும், இந்த நாட்களில்" என்று ஒரு சின்னப் பக்கம் அன்றைக்கே போடுங்கள். அப்புறம் அந்தப் பழைய வாட்ஸ்அப்பை மறுபடி திறந்து, ஆரம்பத்தில் எண்ணி வைத்த கேள்விகளை மூன்றாம் மாத முடிவில் திரும்ப எண்ணுங்கள். பார்சல் கட்டணம் கேட்டு இன்னும் அதே அளவு மெசேஜ் வந்தால், அந்த விவரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, விலைக்குப் பக்கத்தில் மேலே ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் இன்னொரு முறை எண்ணுங்கள்.